சாந்தல் பார்: கால்வாய் பெற்ற பஞ்சாப், ஓர் எளிய அறிமுகம்

பகத் சிங் பிறந்த ஊர் எது என்று தேடிப் பார்த்தால் 'சக் எண் 105 ஜிபி' என்று வரும். இது கோப்பு எண் இல்லை, ஊர்ப் பெயர்தான். பாகிஸ்தானின் பஞ்சாபில், இன்றைய ஃபைசலாபாத் வட்டாரத்தில், நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு இப்படித்தான் பெயர். முதலில் ஓர் எண், பின்னால் ஜிபி, ஜேபி, ஆர்பி என்று இரண்டெழுத்து. அந்த எழுத்துகள் குறிப்பது ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க் கிளையை. குகேரா கிளை என்றால் ஜிபி, ஜங் கிளை என்றால் ஜேபி, ரக் கிளை என்றால் ஆர்பி.

ஊர் இருக்கும், பிறகு அந்த ஊருக்கு வாய்க்கால் வெட்டுவார்கள் என்பதுதான் நமக்குத் தெரிந்த முறை. இங்கே வாய்க்கால் முதலில் வந்தது. அதன் ஓரமாக வரிசையாக எண் போட்டு ஊர்களை வைத்தார்கள். இதைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் 'கால்வாய்க் குடியேற்றம்' என்கின்றன. பஞ்சாப் என்றதும் கோதுமை வயல், டிராக்டர், பாங்க்ரா என்று ஒரு படம் நம் மனதில் ஓடுகிறதே, அதில் பாதி இப்படி உருவான நிலத்திலிருந்து வந்தது. அந்த நிலத்தின் வயது 130 ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அங்கே வேறொரு பஞ்சாப் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

பார் என்றால் என்ன?

பஞ்சாபின் நிலத்தைப் புரிந்துகொள்ள ஆறுகளிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலத்துக்கு 'தோஆப்' என்று பெயர். ராவிக்கும் செனாபுக்கும் இடைப்பட்டது ரச்னா தோஆப். ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில் வெள்ளம் வந்து வண்டல் படியும், கிணறு வெட்டினால் தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும். ஆகவே அங்கே பழங்காலத்திலிருந்தே பயிர்த்தொழில் உண்டு. ஆற்றைவிட்டு விலகி நடுப்பகுதிக்கு வந்தால் நிலம் சற்று மேடாகும். இந்த மேட்டு நிலம்தான் 'பார்'. ரச்னா தோஆபின் நடுவில் இருந்த மேட்டு நிலம் சாந்தல் பார். நீலி பார், கஞ்சி பார், கிரானா பார், கோந்தல் பார் என்று இன்னும் சில உண்டு.

பாரில் மண் மோசமில்லை, தண்ணீர்தான் இல்லை. ஆண்டுக்கு 300, 400 மில்லிமீட்டர் மழை. நிலத்தடி நீர் 80 அடிக்கும் கீழே. மாடு பூட்டி இறைத்து அந்த ஆழத்திலிருந்து வயலுக்குப் பாய்ச்சினால் கட்டுப்படியாகாது. அதனால் அது புதர்க்காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் கிடந்தது. மழை பெய்தால் புல் முளைக்கும். ஜண்ட், கரீர், வண் என்ற மரங்கள் அங்கங்கே நிற்கும். ஜண்ட் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம்தான்.

இங்கே கரல், சியால், பட்டி, வட்டூ, ஃபதியானா போன்ற குலத்தவர்கள் எருமை, மாடு, ஒட்டகம் மேய்த்து வாழ்ந்தார்கள். கோடையில் ஆற்றோரம், மழைக்குப் பிறகு பாரின் உள்பகுதி என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். பால், நெய், தோல், ஒட்டகம் இவைதான் சொத்து. அடுத்த குலத்தின் மாட்டைக் கவர்ந்து வருவது அவர்களிடையே வீரம். நம் சங்க இலக்கியத்தின் வெட்சித் திணையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆங்கிலேய அதிகாரிகள் இவர்களை 'ஜாங்லி' என்று எழுதினார்கள். காட்டுவாசி என்ற இளக்காரம் அந்தச் சொல்லில் உண்டு. இன்றும் அந்தப் பகுதியின் பழைய பேச்சுவழக்குக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேய்ச்சல் நிலம் தந்த கதைகள்

பஞ்சாபிப் பண்பாடு என்று உலகம் கொண்டாடும் கதைகளில் கணிசமானவை இந்த மேய்ச்சல் நிலத்தில் பிறந்தவை. விவசாயிகளின் பண்பாடு என்று நாம் நினைப்பதன் அடியில் மாடு மேய்த்தவர்களின் பாட்டு இருக்கிறது. ஹீர் என்ற பெண் ஜங்கைச் சேர்ந்த சியால் குலத்தவள். அவளைக் காதலித்த ராஞ்ஜா அவள் வீட்டு எருமைகளை மேய்க்கிறான்.

மிர்சா–சாஹிபான் கதை இன்னும் நேரடியானது. மிர்சா தானாபாத்தைச் சேர்ந்த கரல் இளைஞன், சாஹிபான் சியால் பெண். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடக்கவிருக்கும் இரவில் மிர்சா தன் குதிரை பக்கியில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் களைப்பு, ஒரு ஜண்ட் மரத்தடியில் தூங்கிவிடுகிறான். அவன் குறி தப்பாத வில்லாளி. விழித்தால் துரத்தி வரும் தன் அண்ணன் தம்பிகளை ஒருவர் விடாமல் கொன்றுவிடுவான் என்று சாஹிபானுக்குத் தெரியும். அம்புகளை எடுத்து ஒடித்துப் போடுகிறாள். அவர்கள் வந்து மிர்சாவைக் கொன்றுவிடுகிறார்கள். சாஹிபான் செய்தது துரோகமா, இல்லையா என்று பஞ்சாபிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அவள்தான் அந்தக் கதையில் நிதானமாக யோசித்த ஒரே ஆள் என்று படுகிறது.

அடுத்து துல்லா பட்டி. பிண்டி பட்டியான் என்ற ஊரைச் சேர்ந்தவர், அக்பர் காலத்துக் கலகக்காரர். வரி கட்ட மறுத்ததற்காக அவர் தந்தையும் பாட்டனும் கொல்லப்பட்டார்கள், பிறகு அவரும் லாகூரில் தூக்கிலிடப்பட்டார் என்று மரபு சொல்கிறது. பாட்டன் பெயர் சாந்தல், அந்தப் பெயரில்தான் சாந்தல் பார் என்றும் ஒரு வழக்கு உண்டு. ஜனவரி 13-ஆம் தேதி, நம் போகியை ஒட்டி வரும் லோஹ்ரி இரவில், தீ மூட்டிப் பிள்ளைகள் பாடும் பாட்டில் வருவது இந்தத் துல்லா பட்டிதான். ஏழைப் பெண் ஒருத்திக்குத் தகப்பன் இடத்தில் நின்று கல்யாணம் செய்துவைத்தவர் என்று பாட்டு அவரைப் புகழ்கிறது. பாடும் சீக்கிய, இந்துப் பிள்ளைகளில் பலருக்கு அவர் ஒரு முஸ்லிம் ராஜபுத்திரர் என்று தெரியாமலே இருக்கலாம்.

குரு நானக் 1469-ல் பிறந்த தல்வண்டியும், அதாவது இன்றைய நன்கானா சாஹிப்பும், இந்தப் பாரின் பகுதிதான். அங்கே கியாரா சாஹிப் என்று ஒரு குருத்வாரா இருக்கிறது. கியாரா என்றால் பாத்தி. சிறுவன் நானக் மாடு மேய்க்கப் போய்த் தியானத்தில் உட்கார்ந்துவிட, மாடுகள் ஒரு விவசாயியின் பயிரை மேய்ந்துவிட்டன. அவர் ஊர்த்தலைவர் ராய் புலாரிடம் புகார் செய்தார். ஆள் அனுப்பிப் பார்த்தால் பயிர் அப்படியே நின்றதாம். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மாட்டுக்காரருக்கும் பயிர்க்காரருக்கும் இடையிலான பழைய தகராறு அந்தக் கதைக்குள் பத்திரமாக இருக்கிறது.

1857-ல் டெல்லியும் லக்னோவும் எரிந்தபோது பஞ்சாப் அமைதியாக இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாரில் அப்படி இல்லை. கரல் குலத் தலைவர் ராய் அகமது கான், எண்பது வயதை ஒட்டிய கிழவர், குகேராவை மையமாக வைத்துக் கிளர்ச்சி நடத்தினார். செப்டம்பர் 21 அன்று சண்டையில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிய 'தோலா' பாடல்களைப் பாரில் இன்னும் பாடுகிறார்கள். குகேராவைக் கவனித்தீர்களா? பகத் சிங்கின் ஊர் எண்ணில் உள்ள 'ஜி' அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

கால்வாய் வருகிறது

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மத்திய பஞ்சாபில், அதாவது அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கம், நெரிசல் அதிகம். நிலம் பாகம் பிரிந்து துண்டுதுண்டாகி, கடனும் ஏறியிருந்தது. ராணுவத்துக்கு ஆள் கொடுத்த பகுதியும் அதுவே. அங்கே மனக்கசப்பு வளர்வதை அரசு விரும்பவில்லை. இன்னொரு பக்கம் பார் நிலம் 'தரிசு' என்று அரசுக் கணக்கில் கிடந்தது. மேய்ச்சல்காரர்களின் உரிமை பட்டாவாகப் பதிவாகாததால், முழுவதையும் அரசு நிலம் என்று அறிவிப்பது எளிதாகப் போயிற்று. தண்ணீர் விட்டால் வரி வரும், கோதுமை கராச்சி துறைமுகம் வழியாக இங்கிலாந்து போகும். சமூக சேவையும் இருந்தது, லாபக் கணக்கும் இருந்தது. எது முதலில் என்று கேட்டால் லாபக் கணக்கு என்பேன்.

செனாபிலிருந்து முதலில் வெட்டிய வாய்க்கால், வெள்ளம் வந்தால் மட்டும் ஓடும் வகை. சரிப்பட்டு வரவில்லை. பிறகு கான்கி என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி, 1892-ல் ஆண்டு முழுவதும் நீரோடும் கால்வாயாக்கினார்கள். இதுதான் கீழ் செனாப் கால்வாய். இருபது லட்சம் ஏக்கருக்கும் மேல் பாய்ந்தது. 1891-ல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த பகுதியில் பத்தே ஆண்டில் மக்கள் தொகை எட்டு லட்சத்தை நெருங்கியது. நடுவே லாயல்பூர் என்ற புதிய நகரம், அப்போதைய துணை ஆளுநர் ஜேம்ஸ் லாயலின் பெயரில். மையத்தில் மணிக்கூண்டு, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் எட்டுக் கடைவீதிகள். மேலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கொடியின் கோடுகள் போலத் தெரியும்.

கிராமங்களும் அதே அளவுகோலில்தான் அமைந்தன. நிலத்தைச் சதுரம் சதுரமாக வரைந்தார்கள். ஒரு சதுரத்துக்கு முரப்பா என்று பெயர். செனாப் குடியேற்றத்தில் அது கிட்டத்தட்ட 28 ஏக்கர், பின்னால் வந்த குடியேற்றங்களில் 25 ஏக்கர். 25 ஏக்கர் முரப்பாவுக்குள் 25 கில்லா. ஒரு கில்லா 220 அடிக்கு 198 அடி, பெருக்கிப் பார்த்தால் சரியாக ஓர் ஏக்கர். எட்டு கனால் ஓர் ஏக்கர், இருபது மர்லா ஒரு கனால். இன்றும் இரு பஞ்சாபிலும் நிலம் விற்பவர் கனால், மர்லா கணக்கில்தான் பேசுவார். சொந்த ஊரில் கோணல்மாணலாகப் பத்துத் துண்டில் நிலம் வைத்திருந்தவருக்கு இப்படி ஒரே கட்டாக 25 ஏக்கர் கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'விவசாயச் சாதி' என்று அரசு ஏற்றுக்கொண்டவர்களுக்கே, அதாவது ஜாட், அராயின், சைனி, கம்போஜ் போன்றவர்களுக்கே, பெரும்பாலான நிலம். அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வயலில் உழைத்த நிலமற்ற சாதியினர் கூடவே வந்தார்கள், கூலியாகவும் கைவினைஞராகவும். முரப்பா அவர்கள் கைக்கு வரவில்லை. ஜாங்லிகளுக்கும் ஓரளவு நிலம் ஒதுக்கினார்கள். ஆனால் ஒட்டகம் மேய்த்தவன் ஒரே இடத்தில் உட்கார்ந்து கோதுமை விதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'பாலைவனத்தைப் பூக்க வைத்தார்கள்' என்ற வர்ணனையைப் படிக்கும்போதெல்லாம் மேய்ச்சல் நிலத்தை இழந்த இந்த ஆட்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரை மணிக்கணக்கில் பிரிப்பது

இந்த நிலத்தின் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது வாராபந்தி. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது நமக்கும் தெரியும், இவர்கள் அதை நிமிஷக் கணக்குவரை கொண்டுபோனார்கள்.

பெரிய கால்வாயிலிருந்து ராஜ்பாஹா என்ற சிறு கால்வாய் பிரியும். அதன் கரையில் மோகா என்ற மதகு. மோகாவுக்குக் கதவு கிடையாது. அதன் அளவைப் பொறியாளர்கள் தீர்மானித்துக் கட்டிவிடுவார்கள். ராஜ்பாஹாவில் தண்ணீர் இருந்தால் மோகாவில் தானாக ஓடும். அங்கிருந்து ஊர் வாய்க்கால், அதற்குக் 'கால்' என்று பெயர், வயல்களுக்கு நடுவே போகும். வயலுக்குத் திறக்கும் மடை நக்கா.

ஒரு மோகாவின் கீழ் 400 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். 400-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 25 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். 25 ஏக்கர் உள்ளவருக்குப் பத்தரை மணி நேரம். அவர் முறை தொடங்கும்போது வாய்க்காலில் ஓடும் தண்ணீர் முழுவதும் அவருடையது, முடிந்ததும் அடுத்தவர் நக்காவைத் திறக்கலாம். ஏழு நாளில் ஒரு சுற்று முடிந்து, அடுத்த வாரம் அதே கிழமை, அதே மணிக்கு மறுபடி வரும்.

இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. காய்ந்து கிடக்கும் வாய்க்கால் பகுதியை நிரப்பவே கொஞ்ச நேரம் வீணாகும். அந்த நேரத்தை அந்த விவசாயிக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதற்கு பராய் என்று பெயர். கடைசி வயல்காரருக்கோ, மேலே அடைத்த பிறகும் வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் வடிந்து வந்துகொண்டிருக்கும். அந்த நிகாலுக்காக அவர் நேரத்தில் கழித்துவிடுவார்கள். அப்புறம் இரவு முறை. ஜனவரிக் குளிரில் ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியும் விளக்கும் எடுத்துக்கொண்டு யார் போவது? எப்போதும் ஒருவருக்கே அந்த நேரம் விழக்கூடாது என்று ஆண்டுக்கு ஒருமுறை முறையைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிவைக்கும் வழக்கம் வந்தது. இந்த ஆண்டு ராத்திரி என்றால் அடுத்த ஆண்டு பகல்.

காகிதத்தில் இது அப்பழுக்கில்லாத நியாயம். நடைமுறையில் மோகாவை ரகசியமாகப் பெரிதாக்குவது, இரவில் கரையை வெட்டுவது, கடைமடைக்காரர் காய்வது எல்லாம் உண்டு. தண்ணீர்த் தகராறில் கொலை விழுந்த ஊர்களும் உண்டு. அடிப்படையிலேயே தண்ணீர் குறைவு என்பதும் ஒரு காரணம். சுமார் 350 ஏக்கருக்கு விநாடிக்கு ஒரு கன அடி என்ற கணக்கில்தான் கீழ் செனாப் கால்வாயைத் திட்டமிட்டார்கள். நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்பது கொள்கை. முழு நிலத்திலும் ஒரே பருவத்தில் பயிர் வைக்க அது போதாது. இருப்பதை வைத்து எங்கே கோதுமை, எங்கே பருத்தி, எங்கே கரும்பு, எங்கே மாட்டுத் தீவனம் என்று பிரித்துப் போடுவதில்தான் அந்த விவசாயியின் சாமர்த்தியம் இருந்தது.

தலைப்பாகையைக் காப்பாற்று

குடியேறியவர்களுக்கு நிலம் கிடைத்ததே தவிர, சொந்தமாகிவிடவில்லை. அங்கேயே வசிக்க வேண்டும், மரம் நட வேண்டும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். மீறினால் கீழ்மட்ட அதிகாரிகள் அபராதம் போடுவார்கள், பாதிப் பேர் லஞ்சம் கொடுத்துத் தப்பிப்பார்கள். 1906-ல் கொண்டுவந்த குடியேற்ற மசோதா இதையெல்லாம் இன்னும் இறுக்கியது. வாரிசு யார் என்பதில்கூட அரசு கை வைத்தது. அதே சமயம் பாரி தோஆப் கால்வாய்ப் பகுதியில் தண்ணீர்த் தீர்வையும் ஏறியது.

1907 மார்ச்சில் லாயல்பூரில் பெருங்கூட்டம் கூடியது. பாங்கே தயாள் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு பாட்டைப் பாடினார்: 'பக்டி சம்பால் ஜட்டா', உன் தலைப்பாகையைக் காப்பாற்றிக்கொள், குடியானவனே. தலைப்பாகை போனால் மானம் போனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதே இல்லை. இயக்கத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போராட்டத்தில் முன்னின்ற லாலா லஜபதி ராயையும் அஜித் சிங்கையும் விசாரணையில்லாமல் பர்மாவின் மாண்டலேவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனாலும் அரசு பயந்துதான் போனது, ஏனென்றால் ராணுவத்தில் இருந்த சிப்பாய்கள் இதே குடியானவர்களின் பிள்ளைகள். வைஸ்ராய் மிண்டோ மசோதாவை நிராகரித்தார். நவம்பரில் இருவரையும் விடுவித்தார்கள்.

அஜித் சிங்கின் அண்ணன் மகன் அந்த ஆண்டு செப்டம்பரில் பிறந்தான். அவன்தான் பகத் சிங். குடும்பத்தின் பூர்வீக ஊர் கட்கர் கலான், ஜலந்தர் தோஆபில் பங்கா என்ற ஊருக்குப் பக்கத்தில். சக் 105 ஜிபிக்கும் மக்கள் வைத்த பெயர் பங்கா. அரசு எண் கொடுத்தாலும், குடியேறியவர்கள் தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்தது அங்கே பரவலான வழக்கம்.

சக் கிராமத்தின் அமைப்பும் கணக்குப்படிதான்: நடுவில் கிணறும் பொது வெளியும், செங்கோணத்தில் வெட்டும் தெருக்கள், ஒரே அளவு வீட்டுமனை. ஆண்கள் கூடி உட்கார்ந்து ஹூக்கா பிடித்துக்கொண்டு ஊர் நியாயம் பேசும் இடம் தாரா. 1906-ல் லாயல்பூரில் விவசாயக் கல்லூரி வந்தது. அங்கே ராம் தன் சிங் என்ற விஞ்ஞானி உருவாக்கிய சி591 கோதுமை, ரொட்டிக்கு ருசியானது என்று பஞ்சாப் முழுவதும் பரவியது. குடியேற்றத்தில் விசித்திரமான முயற்சிகளும் நடந்தன. பொறியாளர் சர் கங்கா ராம் தன் கங்காபூர் கிராமத்துக்கும் புச்சியானா ரயில் நிலையத்துக்கும் இடையே தண்டவாளம் போட்டு, அதன்மேல் குதிரை இழுக்கும் வண்டியை ஓடவிட்டார். பல பத்தாண்டுகள் ஜனங்கள் அதில் போய் வந்தார்கள்.

கால்வாய்க்கு ஒரு பின்விளைவும் இருந்தது. கரையிலிருந்தும் வயலிலிருந்தும் கசிந்த தண்ணீர் நிலத்தடி மட்டத்தை ஆண்டுக்காண்டு உயர்த்தியது. ஒருகாலத்தில் 80 அடி ஆழத்தில் இருந்தது, சில இடங்களில் காலடிக்கே வந்துவிட்டது. நிலம் சதுப்பாவது சேம், உப்புப் பூத்து வெள்ளையாவது தூர். 1960-களில் ரச்னா தோஆபில் ஏறத்தாழ 2,000 ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு அரசே தண்ணீரை வெளியே இறைக்க வேண்டியிருந்தது. இப்போது தனியார் மோட்டார்கள் பெருகி, பல இடங்களில் நிலைமை நேர்மாறாகி நீர்மட்டம் இறங்குகிறது. 1960-ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தப்படி செனாப் நீர் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. அந்த ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது, ஆகவே இந்தக் கால்வாய்களின் பேச்சு இப்போது செய்திகளிலும் அடிபடுகிறது.

1947: எல்லோரும் இடம் மாறினார்கள்

பிரிவினையின்போது லாயல்பூர் மாவட்டத்தில் சீக்கியர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நிலத்திலோ அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். நன்கானா சாஹிப்பும் குடியேற்ற நிலங்களும் இந்தியாவோடு சேர வேண்டும் என்று எல்லை ஆணையத்தின் முன் வாதாடினார்கள். ஆகஸ்ட் 17-ல் வெளியான ராட்கிளிஃப் கோடு அவற்றைப் பாகிஸ்தானில் வைத்தது. இரண்டு தலைமுறைக்கு முன் கட்டாந்தரையில் வீடு கட்டியவர்கள், நின்ற பயிரை விட்டுவிட்டு மாட்டுவண்டிகளில் கிளம்பினார்கள். காஃபிலா என்ற அந்த வண்டி வரிசைகள் பல மைல் நீளம். ராவியின் மேலுள்ள பல்லோகி தடுப்பணை வழியாக லட்சக்கணக்கானவர்கள் கிழக்கே போனார்கள். எதிர்த்திசையில் ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா, அமிர்தசரஸ் பக்கத்து முஸ்லிம்கள் அதே மாதிரி வந்தார்கள். இரு பக்கமும் வழியில் நடந்த படுகொலைகள் பஞ்சாபின் மிகக் கொடிய பக்கம்.

வந்தவர்களுக்கு இந்தியப் பஞ்சாப் நிலம் பங்கிட்ட விதம் தனியாகப் படிக்கத் தக்கது. இவர்கள் விட்டுவந்தது சுமார் 67 லட்சம் ஏக்கர், பெரும்பாலும் கால்வாய்ப் பாசனம். கிழக்கே முஸ்லிம்கள் விட்டுப்போனது சுமார் 47 லட்சம், அதில் நிறைய மானாவாரி. இரண்டையும் எப்படி ஈடுகட்டுவது? மறுவாழ்வுப் பொறுப்பில் இருந்த தர்லோக் சிங் 'ஸ்டாண்டர்டு ஏக்கர்' என்ற அளவைக் கொண்டுவந்தார். பத்துப் பதினோரு மணங்கு கோதுமை விளையும் நிலம் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். வறண்ட நிலமானால் அதற்கு ஈடாக நான்கு ஏக்கர்கூட ஆகலாம். பிறகு படிப்படியான வெட்டு: பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை 25 சதவீதம் குறைப்பு, அதற்கு மேல் கூடிக்கொண்டே போய், மிகப் பெரிய நிலங்களின் மேல்பகுதிக்கு 95 சதவீதம். பெரிய நிலக்கிழார்கள்தான் அதிகம் இழந்தார்கள். கால்வாய்க் கணக்கில் ஊறி, சந்தைக்காகப் பயிரிட்டுப் பழகிய இந்த ஆட்கள் வந்ததும் இந்தியப் பஞ்சாபில் பசுமைப் புரட்சி வேகமாகப் பிடித்ததற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கல்லூரிகூட இடம் மாறியது. 1908-ல் தொடங்கிய லாயல்பூர் கால்சா கல்லூரி ஜலந்தருக்குப் போய்விட்டது, பெயரில் லாயல்பூர் இன்னும் இருக்கிறது. லாயல்பூரே அந்தப் பெயரை 1977-ல் விட்டுவிட்டது. சவூதி மன்னர் ஃபைசலின் நினைவாக ஃபைசலாபாத் ஆனது. பக்கத்தில் டோபா டேக் சிங் மட்டும் அந்தச் சீக்கியப் பெயரோடே நிற்கிறது. அந்த இடத்துக் குளத்தருகே வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் டேக் சிங் என்பது ஊர்க்கதை.

பாரின் சொந்த ஆட்டமான ஜூமரும் எல்லை தாண்டியது. பாங்க்ராவைப் போலத் துள்ளாட்டம் இல்லை இது. மத்தளக்காரரைச் சுற்றி ஆண்கள் வட்டமாக, அசைந்து அசைந்து, மெதுவாக ஆடுவது. இந்தியப் பக்கம் ஃபாசில்கா வட்டாரத்தில் அகதிகளாக வந்தவர்கள் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதற்கு உதாரணம் நுஸ்ரத் ஃபதே அலி கான். ஜலந்தரிலிருந்து போன கவ்வாலிப் பாடகர் குடும்பம், அவர் பிறந்தது 1948-ல் லாயல்பூரில்.

இன்றைய ஃபைசலாபாத் துணி ஆலைகளின் நகரம். சுற்றிலும் சக்குகளில் பழைய பார்க்காரர்களின் பேச்சும், ஜலந்தர் அமிர்தசரஸிலிருந்து வந்தவர்களின் பேச்சும் கலந்து ஒலிக்கின்றன. வந்தேறிகளை ஜாங்லிகள் கிண்டல் செய்ய, ஜாங்லிகளை வந்தேறிகள் கிண்டல் செய்ய, ஊரே 'ஜுகத்' என்ற உடனடி நக்கலுக்குப் பேர்போனது. எதிரே நிற்பவரின் சட்டை, மூக்கு, செருப்பு எதுவானாலும் ஒரே வரியில் வாரிவிட வேண்டும், வாங்கியவர் அதைவிடச் சூடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாகிஸ்தானின் பஞ்சாபி மேடை நாடகங்களில் சிரிப்பு நடிகர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். டீக்கடையில் உட்கார்ந்தாலே ஜுகத் நடக்கும். பதில் சொல்லத் தெரியாத வெளியூர்க்காரர் சும்மா சிரித்துவிட்டு டீயைக் குடிப்பதுதான் உத்தமம் என்பார்கள்.